அல்லி ராஜ்ஜியம் என்று ஏன் சொல்கிறார்கள்?

 

2025 ஜூலையில் நம் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் இடம் பிடித்ததிலிருந்து "டீச்சர், கோட்டையைப் பற்றி எழுதுங்க" என்று பலர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். மராட்டியர் கோட்டைகள் 12 என்று சேர்த்திருக்கிறார்கள். மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது நம்முடையது ஒன்றுதான். சந்தோஷம். ஆனால் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றையும் பற்றி நீங்கள் கேட்டதெல்லாம் வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன். இன்றைக்குக் கோட்டைக்கு வெளியே இருக்கிற செஞ்சியைப் பற்றி எழுதப்போகிறேன். கொஞ்சம் நீளம். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

நம் குடும்பத்துப் பிள்ளைகள் போனில் தொடர்கதை படிக்கிறார்கள். என்ன கதை என்று என் பேத்தியிடம் கேட்டேன். "முதல்ல ரெண்டு பேரும் எதிரிங்க ஆயா. சண்டை. அப்புறம் மந்திரம், மாயம். அப்புறம் லவ். கல்யாணம் ஆன பிறகு மாமியார் வீட்டுக் காமெடி" என்றாள். புதுசாக வந்த சரக்கு என்று நினைத்துக்கொண்டு சொல்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இதே கதையைப் பெரிய எழுத்துப் புத்தகமாகச் சந்தையில் தரையில் பரப்பி விற்றுக்கொண்டிருந்த ஊர் இது. அந்தப் புத்தகத்தின் பெயர் அல்லி அரசாணி மாலை.

கதை தெரியாத இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மதுரையை ஆண்ட பாண்டியனுக்குப் பிள்ளை இல்லை. தவம் கிடந்து, அல்லிப் பூவின்மேல் ஒரு பெண் குழந்தையைக் கண்டெடுக்கிறான். அல்லி என்று பெயர் வைக்கிறான். ராஜ்ஜியத்தை நீன்முகன் என்பவன் பறித்துக்கொள்கிறான். அல்லி சின்ன வயதிலேயே அவனைக் கொன்று சிம்மாசனத்தை மீட்கிறாள். அதன் பிறகு அவள் சபையில் மந்திரி பெண், சேனாபதி பெண், காவலும் பெண். ஆண் வாடையே ஆகாது.

அங்கே வருகிறான் அர்ச்சுனன். அல்லியின் அழகைக் கேள்விப்பட்டுத் தூக்கம் போய்விட்டது அவனுக்கு. நேராகப் போய்ப் பெண் கேட்டால் தலை போய்விடும். கூப்பிடு மைத்துனனை. கிருஷ்ணன் பாம்பாட்டியாக மகுடி ஊதிக்கொண்டு வருகிறான். கூடைக்குள் பாம்பாக இருப்பது அர்ச்சுனன். பாம்பின் ஆட்டத்தில் மயங்கிய அல்லி அதைத் தன் அறைக்கே எடுத்துக்கொண்டு போகிறாள். நடுராத்திரியில் பாம்பு மனுஷன் ஆகிறது. அவள் தூங்கும்போது தாலியைக் கட்டிவிட்டுப் போய்விடுகிறது.

காலையில் கழுத்தைப் பார்க்கிறாள். கட்டியவன் யார் என்று தெரிந்ததும் படை கிளம்புகிறது. சண்டை, வஞ்சகம், தூது எல்லாம் நடந்து, கடைசியில் அல்லி அர்ச்சுனனை ஏற்றுக்கொள்கிறாள். புலந்திரன் என்று ஒரு மகன் பிறக்கிறான்.

இத்தோடு முடியவில்லை. பவளக்கொடி மாலை என்று அடுத்த பாகம் இருக்கிறது. புலந்திரன் விளையாடப் பவளத்தேர் வேண்டும் என்று அழுகிறான். பிள்ளை அழுதால் எந்த வீட்டிலும் அப்பாவைத்தானே கடைக்கு விரட்டுவோம்? அல்லியும் அர்ச்சுனனை விரட்டுகிறாள். பவளம் தேடிப் போனவன், பவளக்கொடி என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்கிறான். விஷயம் அல்லிக்குத் தெரிந்ததும் மறுபடி போர் முரசு. பிள்ளைக்குப் பொம்மை வாங்கப் போன புருஷன் இன்னொரு பெண்டாட்டியோடு வந்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்? கிருஷ்ணன் வந்து இருவரையும் சமாதானம் செய்து வைப்பதற்குள் அவனுக்கே போதும் போதும் என்று ஆகிவிடுகிறது.

இனி சரித்திரத்துக்கு வருவோம்.

அல்லி வியாச பாரதத்தில் இல்லை. அங்கே இருப்பவள் சித்திராங்கதை. தீர்த்த யாத்திரை வந்த அர்ச்சுனன் அவள் அப்பாவிடம் முறையாகப் பெண் கேட்கிறான். "பிறக்கும் பிள்ளை என் வம்சத்துக்கே வாரிசு" என்ற நிபந்தனையோடு அவர் கொடுக்கிறார். சண்டையே கிடையாது. பின்னால், அசுவமேதக் குதிரையோடு வரும் அர்ச்சுனனை அந்த மகன் பப்புருவாகனன் போரில் வீழ்த்துகிறான். நாக கன்னிகை உலூபி மணியால் உயிர்ப்பிக்கிறாள். வில்லிபுத்தூரார் தமிழில் பாரதம் பாடியபோது சித்திராங்கதையைப் பாண்டியன் மகளாகவே வைத்தார். பாமர மக்களின் கதையில் அவள் அப்பாவின் இடத்துக்கே வந்து அல்லி ராணி ஆனாள். வியாசர் மகனிடம் கொடுத்த அம்பை நம்மவர்கள் பிடுங்கி அம்மா கையில் கொடுத்துவிட்டார்கள்.

ஏன் மதுரை? அந்த ஊருக்கு அந்த வாசனை ரொம்பப் பழையது. கி.மு. 300 வாக்கில் பாடலிபுத்திரத்துக்குத் தூதராக வந்த மெகஸ்தனிஸ் கேட்டு எழுதியதை, பின்னால் அரியன் என்ற கிரேக்க ஆசிரியர் எடுத்துச் சொல்கிறார்: ஹெராக்ளிஸுக்குப் பாண்டையா என்று ஒரு மகள், அவளுக்கு ஒரு நாட்டைக் கொடுத்து 500 யானை, 4,000 குதிரை, 1,30,000 காலாள் கொடுத்தான் என்று. கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் பாண்டிய நாடு என்றதும் ஒரு பெண்ணின் ஆட்சி நினைவுக்கு வந்திருக்கிறது, அதைக் கவனியுங்கள்.

திருவிளையாடற் புராணத்தில் தடாதகைப் பிராட்டியும் அப்படித்தானே? மூன்று தனங்களோடு பிறந்தவள், பட்டம் சூட்டிக்கொண்டு திக்குவிஜயம் புறப்பட்டுக் கயிலாயம் வரை போய்ச் சிவகணங்களை அடித்து நொறுக்குகிறாள். எதிரே சிவனே வந்து நின்றதும் மூன்றாவது தனம் மறைகிறது, கை தளர்கிறது, வெட்கம் வருகிறது. மதுரைச் சித்திரைத் திருவிழாவில் எட்டாம் நாள் பட்டாபிஷேகம், ஒன்பதாம் நாள் திக்குவிஜயம், பத்தாம் நாள் திருக்கல்யாணம். முதலில் ஆட்சி, அடுத்து சண்டை, அப்புறம் தாலி. பிள்ளைகளின் போன் கதையும் இதே வரிசையில்தான் போகிறது.

இந்த மாலைகளை எழுதியவர் நளவெண்பா பாடிய புகழேந்திப் புலவர் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். நடையைப் பார்த்தாலே தெரியும், இவை அவருக்கு ரொம்பப் பிந்தியவை. ஆனால் அதற்கு ஊர் சொன்ன காரணம் அழகானது. பாண்டியன் மகள் சோழனுக்கு வாழ்க்கைப்பட்டபோது அவளோடு வந்தவர் புகழேந்தி. சோழன் அவைப் புலவர் ஒட்டக்கூத்தருக்கு அவரைக் கண்டால் ஆகாது. சிறையில் போட வைத்தார். சிறை ஓரமாகத் தண்ணீருக்குப் போகும் பெண்களுக்காகப் புகழேந்தி எளிய பாட்டாகப் பாடிக் கொடுத்தவைதான் இந்த அம்மானைகள் என்பார்கள். அரசிக்குக் கோபம் வந்து அந்தப்புரக் கதவைச் சாத்திவிட்டாள். ராஜா வெளியே நிற்கிறார். சமாதானம் செய்ய ஒட்டக்கூத்தர் வந்து பாடினார். அவள் இன்னொரு தாழ்ப்பாளையும் போட்டாள்! "ஒட்டக்கூத்தன் பாட்டுக்கு இரட்டைத் தாழ்ப்பாள்" என்ற பழமொழி அப்படி வந்தது. புகழேந்தியை விடுதலை செய்து பாட வைத்த பிறகுதான் கதவு திறந்தது.

இது நடந்த சம்பவம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தண்ணீருக்குப் போகும் பெண்களுக்காகப் பாடியது என்று சொன்னார்களே, அது இந்தக் கதை யாருடையது என்று காட்டுகிறது. பிற்காலத்தில் சென்னையில் இரத்தின நாயகர் ஸன்ஸ், ஆர்.ஜி.பதி கம்பெனி போன்றவர்கள் 'பெரிய எழுத்து' என்று குண்டு குண்டான எழுத்தில் இவற்றை அச்சிட்டார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருத்தர் திண்ணையில் ராகமாகப் படித்தால், பத்துப் பெண்கள் புளி உடைத்துக்கொண்டே கேட்டுவிடலாம்.

நம் ஊருக்கு இதில் என்ன பங்கு என்கிறீர்களா? கோட்டையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி மேலச்சேரி இருக்கிறதே, பழைய செஞ்சி, அங்கேயுள்ள திரௌபதி அம்மன் கோயிலைத்தான் ஆதி கோயில் என்று நம் வட்டாரத்தில் பலரும் சொல்கிறார்கள். அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டெபீடல் இங்கெல்லாம் அலைந்து, திரௌபதி வழிபாட்டைப் பற்றி ஒரு பெரிய ஆய்வு நூலின் முதல் பாகத்தை 1988இல் வெளியிட்டார். அதன் தலைப்பிலேயே செஞ்சியும் குருக்ஷேத்திரமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

திரௌபதி அம்மன் கோயில்களில் காவலாக நிற்கும் போத்துராஜாவைப் பார்த்திருப்பீர்கள். போர்மன்னன் என்றும் சொல்வோம். அவனும் முதலில் எதிரிதான். பாண்டவர்களுக்குத் தேவையான பூஜைச் சாமான்களும் ஆயுதங்களும் அவனிடம் இருந்தன. சண்டை போட்டு வாங்க முடியாது. கிருஷ்ணன் கிழவியாகவும் அர்ச்சுனன் இளம்பெண்ணாகவும் வேஷம் போட்டுப் போகிறார்கள். அந்தப் 'பெண்ணை'ப் பார்த்துச் சொக்கிப்போன போர்மன்னன் கேட்டதையெல்லாம் கொடுத்து ஏமாறுகிறான். கடைசியில் பாண்டவர்களின் தங்கை சங்குவதியைக் கட்டிக் கொடுத்து அவனை வீட்டு மாப்பிள்ளை ஆக்கிவிடுகிறார்கள். எதிரியை வெல்ல முடியாவிட்டால் சம்பந்தி ஆக்கிக்கொள் என்பது நம் பக்கத்து அரசியல்!

போர்மன்னன் சண்டை, அர்ச்சுனன் தபசு, பவளக்கொடி என்று விடிய விடியத் தெருக்கூத்து பார்த்த தலைமுறை நாங்கள். கட்டியக்காரன் இல்லாமல் அல்லி மேடைக்கு வர முடியாது. "அம்மா, ஒங்க ராஜ்ஜியத்துல ஆம்பளையே கெடையாதுன்றாங்களே, அப்ப நான் யாரு?" என்பான். "நீ சம்பளம் கேக்காத வரைக்கும் யாரா இருந்தா என்ன?" என்பாள் அல்லி. அல்லி வேஷம் கட்டியவர் மீசையை மழித்த ஆண்தான். ஆனால் முன்வரிசைப் பெண்கள் அதை மறந்துவிடுவார்கள். பாம்பு வேஷத்தில் அர்ச்சுனன் நெருங்கும்போது "அடப்பாவி, அடப்பாவி" என்று நிஜமாகவே வைவார்கள். அதே பெண்கள், அர்ச்சுனன் தபசு மரம் ஏறி எலுமிச்சம்பழம் வீசும்போது பிள்ளை வரம் வேண்டி முந்தானையை ஏந்துவார்கள். இரண்டுக்கும் நடுவில் அவர்களுக்கு எந்தச் சங்கடமும் இருந்ததில்லை.

கூத்திலிருந்து கதை நாடகக் கொட்டகைக்குப் போயிற்று. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) அல்லி அர்ஜுனா, பவளக்கொடி இரண்டையும் நாடகமாக எழுதினார். அங்கிருந்து சினிமா. 1934இல் கே.சுப்ரமணியம் இயக்கிய பவளக்கொடியில்தான் எம்.கே.தியாகராஜ பாகவதர் முதன்முதலாகத் திரைக்கு வந்தார். ஏ.வி.மெய்யப்பச் செட்டியாரின் முதல் படம் 1935இல் வந்த அல்லி அர்ஜுனா. அது ஓடவில்லை. அல்லி யாரையும் சுலபத்தில் வாழ வைப்பதில்லை போலிருக்கிறது.

இப்போது கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். என் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து நின்று கேட்டாள்: "டீச்சர், தூங்கும்போது தாலி கட்டினா அது கல்யாணமா?" வகுப்பு கப்சிப். நான் பதில் சொல்லவில்லை. "நீங்களே சொல்லுங்க" என்று வகுப்பிடம் விட்டேன். "தாலி கட்டியாச்சுன்னா கட்டியாச்சுதான்" என்று சிலர். "சாமி செய்தா சரி" என்று சிலர். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, "இல்லன்னுதானே டீச்சர் அவ படையெடுத்துப் போனா?" என்றாள்.

இத்தனை ஆண்டுகளில் இதைவிட நல்ல பதிலை நான் கேட்கவில்லை. தடாதகைக்கும் அல்லிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். தடாதகையின் மனசு அவளாகவே மாறியது. அல்லியை ஏமாற்றினார்கள். கதை சொன்னவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் அவளைப் போருக்கு அனுப்பினார்கள். சமாதானம் ஆன பிறகும் பவளக்கொடி மாலையில் மறுபடி கோபப்பட வைத்தார்கள். ஏமாற்றித் தொடங்கிய உறவில் கணக்கு ஒரு நாளில் தீராது என்று தண்ணீர்க் குடத்தோடு நின்று கேட்ட பெண்களுக்குத் தெரியும். வாய்விட்டுச் சொல்ல முடியாததை அல்லியின் வாளை வைத்துச் சொல்லிக்கொண்டார்கள்.

நிஜ வரலாற்றில் செஞ்சிப் பெண்களுக்கு அந்த வாளும் இல்லை. 1690 முதல் 1698 வரை முகலாயத் தளபதி சுல்பிகர்கான் இந்தக் கோட்டையை முற்றுகை போட்டான். ராஜாராம் தப்பிவிட்டார். அவர் குடும்பத்துப் பெண்களும் பிள்ளைகளும் எதிரி கையில் சிக்கினார்கள். 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகானின் படையோடு மோதித் தேசிங்கு மாண்டபோது அவனுக்கு வயது 22 என்பார்கள். இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாக நவாப் ஓர் ஊருக்கு ராணிப்பேட்டை என்று பெயர் வைத்தார் என்பது வழக்கு. 2019 முதல் அது ஒரு மாவட்டத்தின் பெயரும்கூட. எதிரி காட்டிய மரியாதைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெண் என்ன நினைத்தாள் என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. ராணி என்ற பட்டம்தான் ஊர்ப் பெயராக மிஞ்சியது. கோட்டைக்குள் நடந்தது இப்படி இருந்ததால்தான், கோட்டைக்கு வெளியே கூத்துக் களத்தில் மக்களுக்கு அல்லி தேவைப்பட்டாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படிப்பட்டவள் பெயரைத் தமிழில் இன்று எதற்குப் பயன்படுத்துகிறோம்? ஒரு வீட்டில் பெண் பேச்சு எடுபட்டால், "அங்க அல்லி ராஜ்ஜியம்ப்பா", "அல்லி தர்பார் நடக்குது" என்கிறோம். பாதி கேலி, பாதி வசவு. என் அப்பா இறந்தபோது அம்மாவுக்கு 34 வயது. நாங்கள் நான்கு பெண்கள். எங்கள் வீட்டுக்கு ஊரில் அல்லி தர்பார் என்றுதான் பெயர். அம்மா அதற்குக் கோபப்பட்டதில்லை. "அல்லிக்கு மதுரை இருந்துச்சு. எனக்கு ரெண்டு ஏக்கர் மல்லாட்டை" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள். அந்த இரண்டு ஏக்கரில் நாங்கள் நால்வரும் படித்தோம். அந்தத் தர்பாரில் படித்த ஒருத்திதான் உங்களுக்கு வரலாறு நடத்தினாள்.

எனவே என் பேத்திகளுக்கும், அம்மாக்கள் ஆகிவிட்ட என் மாணவிகளுக்கும் ஒன்று சொல்கிறேன். பிள்ளைகள் எதிரி காதலர் கதை படித்தால் படிக்கட்டும். ராவணன், சூர்ப்பணகை கதையெல்லாம் கேட்டு வளர்ந்த நாம் அதற்கு முகம் சுளிக்க வேண்டியதில்லை. ஆனால் படித்து முடித்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: அவள் மனசு அவளாக மாறியதா, இல்லை யாராவது மகுடி ஊதி மாற்றினார்களா? பையன்களிடமும் கேளுங்கள். அவர்களிடம்தான் முக்கியமாகக் கேட்க வேண்டும். அல்லி கதையைச் சொல்லும்போது பாம்பு இடத்தைத் தாண்டிக் குதித்துவிடாதீர்கள். அதைச் சொல்லி, அவள் கோபத்தையும் முழுசாகச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் பாட்டி, ஆயா, அத்தை யாராவது அல்லி கதையை வேறு மாதிரி சொல்லியிருந்தால் எனக்கு எழுதுங்கள். ஊருக்கு ஊர் மாறும் கதை இது. வயதானவர்கள் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. பெரிய எழுத்துப் புத்தகம் பரணில் கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள், நான் வந்து வாங்கிக்கொள்கிறேன். அடுத்த முறை செஞ்சி வரும்போது கோட்டையோடு திரும்பிவிடாமல் மேலச்சேரி வரைக்கும் ஒரு நடை போய் வாருங்கள். வெயிலுக்கு முன்னால் கிளம்புங்கள், தண்ணீர் பாட்டில் மறக்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் வரலாறு டீச்சர்